நர்சம்மா இல்லாத ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தின் பூட்டு துருவேறிக் கிடக்கிறது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் குழந்தைகளை எடைபோடும் தராசு கொக்கியில் தொங்குகிறது. அதன் தொட்டிலில் குளவி கூடு கட்டியிருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர் மாற்றலாகிப் போய் 14 மாதங்கள். பக்கத்து நிலையத்து நர்சம்மாவுக்கு இங்கே கூடுதல் பொறுப்பு. புதன்கிழமை அங்கன்வாடியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்குள் அவருக்குப் பொழுது சாய்ந்துவிடுகிறது. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது அரசே வகுத்த கணக்கு. இரண்டு நிலையங்களின் பாரத்தை ஒருவர் எப்படிச் சுமப்பார்?

எங்கள் தெருவில் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த 52 வயதுப் பெண், போன ஆவணியில் கண்மாய்க் கரையில் கையிலிருந்த மண்சட்டியோடு சாய்ந்தார். வாய் ஒரு பக்கம் கோணிப்போனது. "பிரஷர் மாத்திரையை ஏம்மா நிறுத்துனீங்க?" என்று பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அவர் எங்கே நிறுத்தினார்? மாத்திரை தீர்ந்தது, கொடுக்க ஆள் வரவில்லை. பஸ் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும். வலியே காட்டாத நோய்க்காகக் கூலியை விட எந்த ஏழையால் முடியும்? இன்று அவருடைய மகள் பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டு அம்மாவுக்குச் சோறூட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஏழைகளின் இந்த நிலை தெரிந்துதான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. வீட்டு வாசலுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை தரும் அந்தத் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். எங்கள் ஊருக்கும் ஒரு தன்னார்வலப் பெண் வந்தார். அவர் விலகிய பிறகு அந்த இடத்தில் யாரையும் போடவில்லை.

போன மாதம் பந்தல் போட்டு மருத்துவ முகாம் நடத்தினார்கள். பிரஷர் பார்த்தார்கள், பத்து நாள் மாத்திரை கொடுத்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பதினோராம் நாளுக்கு என்ன வழி? ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரை அல்லவா அது!

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இரண்டு முறை மனு கொடுத்தோம். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒற்றை வரி பதில் வந்தது. அதிகாரிகளை மீண்டும் கேட்கிறோம்: செவிலியர் பணியிடத்தையும் தன்னார்வலர் இடத்தையும் உடனே நிரப்புங்கள். அதுவரை வாரத்தில் ஒரு நாள், வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் சாயங்கால நேரத்தில், பிரஷர் கருவியோடும் மாத்திரையோடும் ஒருவரை அனுப்புங்கள். நிலையத்தைக் கூட்டிப் பெருக்கி வைக்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்