வாங்கியிருப்போமா?

நான் முன்னர் பணியாற்றிய பத்திரிகையொன்றில் பக்கங்கள் யாவும் பேஜ்மேக்கரில் வடிவமைக்கப்பட்டன. அந்த மென்பொருளுக்கு எவரும் பணம் செலுத்தியதாக எனக்கு நினைவில்லை. அதே பத்திரிகை, எமது செய்திகளை மற்றவர்கள் திருடுகிறார்கள் என்று ஆசிரிய தலையங்கம் தீட்டியது. எழுதியவன் நான்தான்.

திருட்டுப் பிரதி ஒவ்வொன்றையும் விற்பனை இழப்பாகக் காட்டுவது மென்பொருள் நிறுவனங்களின் வழக்கம். இது பொய்க்கணக்கு. சொற்ப விலைக்கு இறுவட்டு வாங்கிய மாணவன், அது கிடைக்காவிட்டால் பல்லாயிரம் ரூபா கொடுத்து போட்டோஷொப் வாங்கியிருப்பான் என்பதை யார் நம்புவார்? திருடுவதானால் எமது மென்பொருளையே திருடட்டும், பின்னர் பணம் வசூலிக்க வழி காண்போம் என்ற பொருளில் பில் கேட்ஸே 1998இல் பேசினார். (1976இல் பகிரங்கக் கடிதம் எழுதித் திருடரைச் சாடியவரும் அவரே!)

ஆயினும், ‘எப்படியும் வாங்கியிருக்கமாட்டோம்’ என்ற சமாதானம் மாணவனுக்குப் பொருந்தும். அச்சியந்திரத்துக்கும் காகிதத்துக்கும் இலட்சங்களைக் கொட்டும் நிறுவனத்துக்குப் பொருந்தாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது.

உண்மையில் அடிபடுவோர் வேறு. கிம்ப், லிப்ரே ஒபிஸ் ஆகியன சட்டப்படியே இலவசம். உடைத்த போட்டோஷொப்பும் இலவசம் என்றானபின் அவற்றை யார் தேடுவார்? தமிழ் எழுத்துருவோ சொற்பிழை திருத்தியோ ஆக்கி விற்க முனையும் நம்மவருக்கு வாங்குவோர் மிகச் சிலரே. அவர்தம் ஆக்கத்தையும் நண்பருக்கு நண்பர் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, தமிழில் நல்ல மென்பொருள் இல்லையே என்று குறைபட்டுக்கொள்கிறோம்.