தலைக்கு மேலே ஒரு அடுப்பு!

சித்திரை மாசம் ராத்திரி பத்து மணிக்குக் கிளிஞ்சல்மேட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். கூப்பிடு தூரத்தில் கடல். ஜிலுஜிலுவென்று காற்று. ஆனால், பாதி ஜனம் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருக்கும்! "உள்ளே படுத்தா வேகுதுங்க. பன்னெண்டு மணிக்கு மேலதான் போவோம்" என்பார்கள். காரைக்கால் டவுனுக்குள்ளும் இதே கதைதான். ஒரே வித்தியாசம், அங்கே வாசலில் உட்காருவதற்குப் பதில் ஏ.சி. போட்டுக் கொள்கிறார்கள்.

வெளியே குளிர்ச்சி, உள்ளே கொதிப்பு. ஏன் இப்படி? ஜன்னல் சின்னது, மின்விசிறி பழசு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் கூரையைத்தான் குற்றம் சொல்வேன். கான்கிரீட் தளம் காலை ஒன்பது, பத்து மணியிலிருந்து வெயிலைக் குடிக்க ஆரம்பிக்கிறது. கோடையில் மொட்டை மாடியின் மேற்பரப்பு அறுபது டிகிரி வரைக்கும் போகும். வெறும் காலை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்! அந்தச் சூடு உடனே கீழே வருவதில்லை. ஐந்தாறு அங்குல கான்கிரீட்டைத் தாண்டி வர சில மணி நேரம் ஆகிறது. அதாவது நீங்கள் வேலை முடிந்து வீடு திரும்பி, 'அப்பாடா' என்று உட்காரும் நேரத்தில்தான் உங்கள் தலைக்கு மேலே அடுப்பு மூட்டப்படுகிறது. மின்விசிறி என்ன செய்யும் பாவம்? கூரையை ஒட்டி நிற்கிற சூடான காற்றைக் கீழே தள்ளும், அவ்வளவுதான்.

இந்த நிலையில் ஏ.சி. வாங்கினால் என்ன ஆகும்? அது அறையைக் குளிர வைப்பதோடு, கூரையோடும் ராத்திரி முழுக்க மல்லுக்கட்ட வேண்டும். ஒன்றரை டன் ஏ.சி. விடிய விடிய ஓடினால் எட்டுப் பத்து யூனிட்டைச் சுலபமாகத் தின்று விடும். ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் ஆறு சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. ஆனால் தலைக்கு மேல் தளம் கொதிக்கும்போது யார் உயர்த்தி வைப்பார்கள்? 'பதினெட்டுல வைடா'ன்னுதான் சொல்லத் தோணும்.

கரண்ட் பில்லை விடுங்கள். எனக்குக் கவலை உடம்பைப் பற்றித்தான். நம் கடலோரத்தில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழிகிறதே தவிர, காய்வதில்லை. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். பகலெல்லாம் இப்படித் தவித்த உடம்புக்கு ராத்திரிதான் இளைப்பாறும் நேரம். அதுவும் இல்லையென்றால் மறுநாள் காலையிலேயே தலைவலி, எரிச்சல், படபடப்பு. சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், அறுபதைத் தாண்டியவர்கள், சர்க்கரைக்காரர்கள், இருதய நோயாளிகள்... இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பிளட் பிரஷருக்காக நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் கோடைக்கு முன்னால் ஒருமுறை டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது (நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்). வீட்டுப் பெரியவர் திடீரென்று குழறிப் பேசினாலோ, உடம்பு நெருப்பாய்ச் சுட்டாலோ காய்ச்சல் மாத்திரை கொடுத்துக் கொண்டிருக்கக் கூடாது. உடம்பை நனைத்து, விசிறிக் கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

"அந்தக் காலத்து வீடு இப்படியா இருந்துச்சு?" என்று பாட்டிமார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கீற்றுக்குள் காற்று இருக்கும், சூடு இறங்காது. நாட்டு ஓட்டு வீட்டில் ஓட்டு இடுக்கு வழியாகவே சூடான காற்று வெளியேறி விடும். வசதியான வீடுகளில் ஓட்டுக்குக் கீழே பலகை அடித்து மச்சு இருக்கும். வெயில் ஓட்டோடு நிற்கும். ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவில் இருக்கிற காற்று, குடை பிடித்த மாதிரி வீட்டைக் காக்கும். குளிர் நாடுகளில் இந்தக் கூரை இடைவெளிக்குப் பஞ்சு மாதிரி ஒன்றைப் பரப்பி, காற்று போகத் துவாரம் வைத்து, மின்சாரத்தை மிச்சம் பண்ணுகிறார்கள். நம் ஆட்கள் அதைப் பலகையிலும் ஓட்டிலுமே செய்து வைத்திருந்தார்கள்.

ஆனால் 'எல்லாரும் கீற்று வீட்டுக்குத் திரும்புங்க' என்று நான் சொல்லவில்லை. கீற்று வீட்டின் தீயை, மழை ஒழுகலை அனுபவித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி கிளிஞ்சல்மேட்டில் என்ன செய்தது என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியும். 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலுக்கு அருகேதான் கரை கடந்தது. இந்தக் கடற்கரைக்குக் கான்கிரீட் வீடு கட்டாயம் வேண்டும். சுனாமிக்குப் பிறகு அவை வரிசை வரிசையாக எழும்பின. நல்லதுதான். ஆனால் அலையை நினைத்தவர்கள் வெயிலை மறந்து விட்டார்கள். நாகைப் பக்கத்துச் சில மீனவக் கிராமங்களில் புது வீட்டுக்காக நிழல் மரங்களையும் வெட்டினார்கள். தளத்தின் மேல் ஒரு தட்டோடாவது பதித்திருக்கலாம்!

சரி, இப்போது என்ன செய்யலாம்?

மருந்து அந்த ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. கிளிஞ்சல்! கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து மொட்டை மாடிக்கு இரண்டு, மூன்று கோட் அடித்தால் வெயிலில் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடும். ஒட்டிக் கொள்வதற்குப் பெவிகால் சேர்ப்பது வழக்கம். வெள்ளைக் கூரையால் வீட்டுக்குள் இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை சூடு குறைவதாக அனுபவம். ஏ.சி. விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு கொசுறு. ஒரு எச்சரிக்கை: சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். அடிக்கிறவர் கண்ணாடியும் கையுறையும் போட வேண்டும். கண்ணில் பட்டு விட்டால் தேய்க்காமல், நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிக் கொண்டே இருந்து, உடனே கண் டாக்டரிடம் போங்கள்.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் மேலே யோசிக்கலாம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துப் போடுகிற பழைய சுருக்கித் தளத்தை, 'நாள் ஆகும் சார்' என்று மேஸ்திரி தட்டிக் கழிப்பார். விடாதீர்கள். லாரி பேக்கர் கேரளாவில் கான்கிரீட்டுக்கு நடுவே ஓட்டை வைத்துத் தளம் போட்டுக் காட்டினார். சூடும் குறைவு, சிமெண்டும் மிச்சம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதன் தூசி நுரையீரலுக்கு எமன். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரக் கூடியது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குளிர்ச்சிக்காக அதில் ஓட்டை போடாதீர்கள், காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். ஈரமாக வைத்து மெதுவாக வெள்ளை அடியுங்கள். மாற்றுகிற வசதி வந்தால் முதல் வேலையாக மாற்றுங்கள்.

அழகுக்காகப் போடுகிற பால்ஸ் சீலிங்கைப் பற்றிக் கேட்கிறார்கள். மேலே காற்று போக வழி வைக்காமல் அடைத்து விட்டால், அந்த இடைவெளி சூட்டுக்கும் எலிக்கும்தான் குடித்தனம். எனக்கு இன்னொரு ஆதங்கம், வென்டிலேட்டர்! பழைய வீடுகளில் சுவரின் உச்சியில் இருந்த அந்தச் சின்னத் திறப்பு வழியாகத்தான் சூடான காற்று வெளியேறியது. ஏ.சி. காற்று போய்விடுமாம், சிமெண்ட் வைத்துப் பூசி விட்டோம். கொசுவலை அடித்துத் திறந்து வைக்கக் கூடாதா? பகலில் மேற்கு ஜன்னலை மூடி, சாயங்காலம் கடல்காற்று வந்ததும் கிழக்கைத் திறந்து விட்டால், பாதி ஏ.சி. வேலை அதிலேயே முடிந்து விடுமே!

அரசாங்கமும் மெல்ல விழித்திருக்கிறது. வீடுகளுக்கான மத்திய எரிசக்தி விதித்தொகுப்பு 2018-ல் வந்தது. கூரை வழியாக எவ்வளவு சூடு இறங்கலாம் என்று அதில் அளவு இருக்கிறது. தெலங்கானா 2023-ல் குளிர் கூரைக் கொள்கையே கொண்டு வந்தது. தமிழ்நாடு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புதுச்சேரி ஆட்சியின் கீழ் இருக்கும் காரைக்காலில், அரசு உதவியில் கட்டும் ஒவ்வொரு வீட்டின் எஸ்டிமேட்டிலும் வெள்ளைக் கூரைக்கு ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்து விடும்? குடிசைக்குப் பதில் கொதிகலன் கொடுப்பது உதவியா?

வெள்ளை அடிக்க நல்ல சமயம் மாசி, பங்குனி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொஞ்சம் கரைந்து விடும் என்பதால் வருஷா வருஷம் ஒரு கோட் தேவைப்படும். மழைநீரைச் சம்பில் பிடிக்கிறவர்கள், வெள்ளை அடித்த பிறகு வரும் முதல் ஒன்றிரண்டு மழைக்குக் குழாயைத் திருப்பி விட்டு, தளம் நன்றாகக் கழுவிய பின்பு பிடியுங்கள்.