விடுபட்ட இரண்டு எண்கள்

வத்தலக்குண்டுப் பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் வண்டிக்காகக் காத்திருந்தபோது பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும், பாங்குப் பணம் காணாமற்போகும் என்று பயமுறுத்தினார்களே ஐயா, ஒன்றும் ஆகவில்லையே! அரசாங்கம் செலவழித்ததெல்லாம் வீண்தானே?" விடை சொல்லுமுன் வண்டி வந்துவிட்டது. இங்கே சொல்கிறோம்.

கணிப்பொறிகளின் தொடக்க நாட்களில் அவற்றின் நினைவகம் மிகுந்த விலையுள்ளதாயிருந்தது. ஆகவே 1965 என்பதை 65 என்று சுருக்கிப் பதிந்தார்கள். 2000-ஆம் ஆண்டு 00 என்று வந்து நின்றால், அது 1900 என்றே கணிப்பொறிக்குத் தோன்றும். 1990-களின் தொடக்கத்திலேயே, அமெரிக்காவில் 104 வயது மூதாட்டி ஒருவருக்குப் பாலர் வகுப்பில் சேரும்படி அழைப்பு வந்ததாம்!

இன்னொரு கண்ணியும் இருந்தது. 1582-இல் திருத்தந்தை 13-ஆம் கிரகோரியார் சீர்படுத்திய நாட்காட்டியின்படி, நூற்றாண்டு முடியும் ஆண்டுகளில் 400-ஆல் வகுபடுபவையே லீப் ஆண்டுகள். 1900 அன்று, 2000 ஆம். விதியை அரைகுறையாக அறிந்தவர்கள் எழுதிய நிரல்களில் 2000 பிப்ரவரி 29 என்ற நாளே இல்லாமற் போயிற்று. (நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகளில் ஆண்டை முழுமையாக எழுதிய பழைய குருக்களை இங்கே நன்றியுடன் நினைக்கிறோம்.)

1998-இல் நடுவண் அரசு, திட்டக்குழு உறுப்பினர் மான்டெக் சிங் அலுவாலியா தலைமையில் இதற்கென உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்தது. வங்கி, மின்சாரம், தொலைபேசி, இரயில்வே எனத் துறைதோறும் ஆய்வு நடந்தது. நிரல்களில் தேதி வரும் வரிகளைத் தேடித் திருத்தினார்கள். கணிப்பொறிக் கடிகாரத்தை 2000-க்குத் தள்ளிவைத்துச் சோதித்தார்கள். பழுதானால் கைக்கணக்கில் வேலை நடத்தவும் திட்டமிட்டார்கள். 1999 டிசம்பர் 31 இரவு நாம் ஆலயத்தில் ஆண்டிறுதி வழிபாட்டில் இருந்தபோது, மின்நிலையங்களிலும் தொலைபேசி நிலையங்களிலும் பொறியாளர்கள் விழித்திருந்தார்கள். விளக்கு அணையவில்லை.

செலவில் மிகையும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. குறைவாகச் செலவிட்ட இத்தாலி போன்ற நாடுகளும் பெருஞ்சேதமின்றித் தப்பின. நம் சிற்றூர் வங்கிகள் பலவற்றில் அன்று பேரேடுகளே ஆட்சி செய்தன.

ஆயினும் பெரியவருக்கு நாம் சொல்ல விரும்புவது இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரச் செய்தி. அங்கு மருத்துவமனைக் கணிப்பொறி ஒன்று திருத்தப்படாமல் விடுபட்டுப்போயிற்று. கருவுற்ற தாயின் குருதிச் சோதனையோடு அவள் வயதையும் சேர்த்து, குழந்தைக்கு 'டவுன்' குறைபாடு இருக்கக்கூடுமா என்று கணிப்பதே அதன் வேலை. 2000 ஜனவரி முதல் அது வயதைத் தவறாகக் கணக்கிட்டது. மே மாதத்தில் பிழை தெரியவருமுன் 150-க்கு மேற்பட்ட தாய்மாருக்குத் தவறான முடிவுகள் போய்ச் சேர்ந்திருந்தன. வாய்ப்புக் குறைவு என்று கேட்டு நிம்மதியுடன் வீடு திரும்பியவர்களுள் சிலர், உண்மையில் அக்குறைபாடுள்ள குழந்தையைச் சுமந்திருந்தார்கள். திருத்தாமல் விட்டது ஒரேயொரு கணிப்பொறி.

இத்தகைய இன்னொரு நாளும் காத்திருக்கிறது. பழைய கணிப்பொறிகள் பல, 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளை எண்ணியே தேதியை அறிகின்றன. 32 பிட் அளவுள்ள அந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8.44 மணிக்கு நிரம்பிவிடும். மறுநொடி கடிகாரம் 1901-க்குத் திரும்பும். புதிய கணிப்பொறிகள் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. தொழிற்சாலைகளிலும் மருத்துவக் கருவிகளுக்குள்ளும் மறைந்துகிடக்கும் பழைய சில்லுகளைத்தான் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடிக்க வேண்டும்.