புயலுக்கு ஆற்றல் எங்கே?

மாணவ நண்பர்களே, 2017-இல் வெளிவந்த 'ஜியோஸ்டார்ம்' என்னும் ஹாலிவுட் படத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். வானிலையைக் கட்டுப்படுத்த ஏவப்பட்ட செயற்கைக் கோள்களைச் சதிகாரர்கள் ஆயுதமாக்கி நகரங்களை அழிக்கிறார்கள். விறுவிறுப்பான கதைதான். ஆனால், இயற்பியல் படிக்கும் நீங்கள் ஒன்று கேட்க வேண்டும்: அத்தனை ஆற்றல் எங்கிருந்து வந்தது?

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 1 கிலோகிராம் நீராவி குளிர்ந்து நீராகும்போது சுமார் 25 லட்சம் ஜூல் உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது. இரண்டரைச் சதுர கிலோமீட்டர் பரப்பில், அதாவது ஒரு சிற்றூரில், 1 செ.மீ. மழை பெய்தால் வெளிப்படும் வெப்பம், ஹிரோஷிமா அணுகுண்டின் ஆற்றலுக்கு ஏறக்குறைய ஈடு! பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் சூரியப் பலகைகள் தருவதோ சுமார் 100 கிலோவாட். அதைக் கொண்டு இவ்வளவு ஆற்றலைத் திரட்ட 20 ஆண்டுகள் ஆகும்.

அதற்காக, எல்லாம் கட்டுக்கதை என்று தள்ளிவிடாதீர்கள். ஆற்றல்தான் மேகத்திலேயே இருக்கிறதே, தூண்டிவிட்டால் போதாதா? 1967 முதல் 1972 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ் முதலிய நாடுகளின் மேல் மேகங்களில் வெள்ளி அயோடைடைத் தூவின. பனிப்படிகத்தை ஒத்த அமைப்புடையது அது. பருவமழையை நீட்டி, வடவியட்நாம் படைகள் சென்ற ஹோ சி மின் பாதையைச் சேறாக்குவதே நோக்கம். மழை எவ்வளவு கூடியது என்பது வேறு விஷயம்!

இச்செய்தி அம்பலமான பிறகு, இத்தகைய போர்முறையைத் தடுக்க ஓர் உலக ஒப்பந்தம் உருவாகி, 1978-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனால், பரவலான, நீடித்த அல்லது கடுமையான விளைவு தருபவற்றை மட்டுமே அது தடை செய்கிறது. ஒரு பாதையைச் சேறாக்கும் மழை இவற்றுள் எதில் அடங்கும்? திரைப்படத்தைவிட இந்த ஓட்டைதான் எனக்கு அச்சமூட்டுகிறது.