பனிக்கு உப்பு, மாரிக்கு?



பனி கொட்டினால் லண்டன் முடங்கிப் போகிறதாம், வளர்ந்த நாடு இவ்வளவுதானா என்று நம்மவர்கள் சிரிப்பதுண்டு. 2009 பெப்ரவரி 2ஆம் திகதி அந்நகரின் பஸ் சேவைகள் நிறுத்தப்பட்டன. ஏராளமான பாடசாலைகள் மூடப்பட்டன. பிள்ளைகளுக்கு என்ன கவலை? பனியில் பொம்மை செய்து விளையாடினார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பனி வருமென்ற அறிவிப்புக் கிடைத்ததுமே அங்கே லொறிகள் இரவோடிரவாகப் பிரதான வீதிகளில் கல் உப்பைத் தூவிக்கொண்டு போகும். உப்புக் கலந்த நீர் இலகுவில் உறையாது. அதையும் மீறிப் பனி கொட்டினால் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அதில் அவர்களுக்கு வெட்கமில்லை.

நமது மாரியும் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. கார்த்திகை அடைமழையில் வயல்வெளி கடலாகி, மாவடிப்பள்ளியில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாயும். கல்முனைப் பக்கத்தில் இது யாருக்குத் தெரியாது? தெரிந்தும், பஸ் இல்லாவிட்டால் உழவு இயந்திரம் இருக்கிறதே என்போம். 2024 நவம்பர் 26ஆம் திகதி, நிந்தவூர் மதரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அங்கேதான் வெள்ளத்தில் அள்ளுண்டது. உம்மாமார் சோறாக்கி வைத்துக் காத்திருந்திருப்பார்கள். சில பிள்ளைகள் மையித்தாகத்தான் வந்தார்கள்.

அரிசி, பருப்பு, கருவாடு, மெழுகுதிரி, வாப்பாவின் மருந்து எல்லாவற்றையும் ஐப்பசியிலேயே வாங்கி வைப்போம். வெள்ளம் புகுந்த கிணற்று நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கொடுக்க வேண்டாம். மகன் வெளியூரில் ஓதுகிறானா? அவன் புறப்படுமுன் நாமே முந்திக்கொண்டு தொலைபேசியில் சொல்லிவிடுவோம்: "தண்ணி வத்தினாப் பொறகு வா மகன். உம்மா கோவிக்க மாட்டன்."