மாளிகைக்குக் கொடுத்த கூலி

அமெரிக்காவின் லூசியானாவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் நிற்கிறது டெஸ்ட்ரஹான் தோட்ட மாளிகை. உயர்த்திக் கட்டிய தளம், அகன்ற தாழ்வாரம். கிரியோல் கட்டடக்கலையின் பாரம்பரியச் சின்னம் என்கிறார்கள். யாருடைய பாரம்பரியம் என்பதே என் கேள்வி.

1787இல் இதைக் கட்ட ஒப்பந்தம் செய்தவர் சார்லஸ் பாக்கே. அடிமையல்லாத கலப்பினத்தவர். அவருக்குப் பேசிய கூலி: ஒரு பசுவும் கன்றும், நெல், சோளம், 100 பியாஸ்டர் காசு, கூடவே ஒரு கறுப்பின அடிமை. மாட்டோடு மாடாக ஒரு மனிதர்! கட்டி எழுப்பியதும் அடிமைகளின் உழைப்பே.

1811 ஜனவரியில் அந்தக் கரையின் அடிமைகள் ஆயுதமேந்தி நியூ ஆர்லியன்ஸ் நோக்கிக் கிளம்பினார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. பிடிபட்டவர்களை விசாரித்த ஆண்டைகளின் மன்றம் கூடியது இதே தோட்டத்தில்தான். கொல்லப்பட்டவர்களின் தலைகள் ஆற்றங்கரைக் கம்பங்களில் செருகப்பட்டன.

மாளிகையை இடிக்கச் சொல்லவில்லை தோழர்களே. இடித்தால் குற்றத்தின் சாட்சியமும் போய்விடும். அழகைக் காட்டி அடிமைத்தனத்தை மறைக்கும் பாரம்பரியப் பேச்சைத்தான் எதிர்க்கிறேன். அதே ஆற்றோரம் 2014இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட விட்னி தோட்டம், அடிமைகளின் பெயர்களைச் சுவரில் பொறித்து, அவர்கள் கதையையே சொல்கிறது. மனமிருந்தால் முடியும்.

தோட்ட மாளிகைகளின் பெருமை பேசுகிறவர்கள், முதலில் அந்தக் கூலி ஒப்பந்தத்தை வாசலில் நின்று வாசிக்கட்டும்.