'தைராய்டு இருக்கு' என்றால் மட்டும் போதுமா? ஹைப்பர் தைராய்டை உறுதிசெய்வது எப்படி?

"எனக்கு தைராய்டு இருக்கு." நம்ம ஊரில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. உண்மையில் தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது. கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி அது. அது குறைவாகச் சுரக்கிறதா (ஹைப்போ), அதிகமாகச் சுரக்கிறதா (ஹைப்பர்) என்பதுதான் கேள்வி.

அதிகம் பேருக்கு வருவது ஹைப்போ. கொச்சியில் நடந்த ஓர் ஆய்வில் 1.3 சதவீதம் பேருக்கே வெளிப்படையான ஹைப்பர் தைராய்டு இருந்தது. அதனால்தானோ என்னவோ, பக்கத்து வீட்டு அக்கா சாப்பிடும் 'தைராய்டு மாத்திரை'யை வாங்கிப் போடுபவர்களும் உண்டு. அது பெரும்பாலும் ஹைப்போவுக்கான தைராக்சின். ஹைப்பர் உள்ளவர் அதைச் சாப்பிட்டால் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிய கதைதான்.

ஏன் தாமதமாகத் தெரிகிறது?

படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, அதிக வியர்வை ஆகியவை முக்கிய அறிகுறிகள். காரைக்கால் வெயிலில் யாருக்குத்தான் வியர்க்காது? படபடப்பை 'ஆபீஸ் டென்ஷன்' என்றும், எடை குறைவதை 'சுகரா இருக்கும்' என்றும் நினைத்துவிடுகிறோம். வயதானவர்களுக்கு நடுக்கம்கூடத் தெரியாது. சோர்வும், சீரற்ற இதயத் துடிப்பும் மட்டுமே இருக்கலாம்.

முதல் டெஸ்ட் என்ன சொல்லும்?

டிஎஸ்எச் என்பது மூளையில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் ஆர்டர். சரக்கு தேவைக்கு மேல் இருந்தால் ஆர்டர் நின்றுவிடும். அதாவது, டிஎஸ்எச் குறைந்து, டி3, டி4 கூடியிருந்தால் ரத்தத்தில் ஹார்மோன் அதிகம். பலர் இதை நேர்மாறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

அத்துடன் முடிந்ததா?

இல்லை. இங்கேதான் சிக்கலே. ஹார்மோன் கூடியது தெரிந்துவிட்டது. ஏன் கூடியது?

• கிரேவ்ஸ் நோய்: உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தூண்டிவிடுகிறது.
• கட்டிகள்: சுரப்பியில் உள்ள கட்டி தன்னிச்சையாகச் சுரக்கிறது.
• தைராய்டிடிஸ்: வீக்கத்தால், சேமித்து வைத்திருந்த ஹார்மோன் கசிகிறது. பிரசவமான ஓராண்டுக்குள் பெண்களுக்கு இது வரலாம். பெரும்பாலும் தானாகவே அடங்கும்.

கார்பிமசோல் மாத்திரை புதிய ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும். கசிந்து வெளியேறிய ஹார்மோனை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தைராய்டிடிஸ் நோயாளிக்கு அதைக் கொடுத்தால் பலன் இல்லை, பக்கவிளைவு மட்டும்தான் மிச்சம். அரிதாக வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். இந்த மாத்திரை எடுக்கும்போது காய்ச்சல், தொண்டை வலி வந்தால் உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

காரைக்காலில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

காரணத்தைக் கண்டறிய தைராய்டு ஸ்கேன் உதவும். கிரேவ்ஸ் என்றால் சுரப்பி முழுக்கப் பளிச்சென்று தெரியும். தைராய்டிடிஸ் என்றால் மங்கலாக இருக்கும். கர்ப்பிணிகளுக்கு இந்த ஸ்கேன் கூடாது. இதற்கு நியூக்ளியர் மெடிசின் பிரிவு வேண்டும். புதுச்சேரி ஜிப்மரில் அது இருக்கிறது. ஆனால், மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலுமாக இருக்கும் காரைக்காலில் இருந்து தலைநகர் புதுச்சேரிக்கு சுமார் 130 கி.மீ. தினக்கூலிக்காரருக்கு அது ஒருநாள் சம்பளம்.

மாற்று வழி உண்டு. கிரேவ்ஸைக் காட்டிக்கொடுக்கும் டிஆர்ஏபி என்ற ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை. இதற்கு ஆள் போக வேண்டியதில்லை. ரத்த மாதிரி போனால் போதும். வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப முடியுமா என்று உள்ளூர் லேபில் கேளுங்கள். இதில் தெளிவாக பாசிட்டிவ் வந்தால் பலருக்கு ஸ்கேனே தேவைப்படாது.

முடி கொட்டுதுன்னு மாத்திரை சாப்பிடுறீங்களா?

தைராய்டு பிரச்சினையில் முடி கொட்டும். அதற்காக பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால், சில ஆய்வகக் கருவிகள் டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். இல்லாத ஹைப்பர் ரிப்போர்ட்டில் வந்துவிடும். பயோட்டின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் குழப்பலாம் என்று 2017-இல் அமெரிக்காவின் எஃப்டிஏ எச்சரித்தது. டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்துங்கள். இதயத்துக்கு அமியோடரோன் மாத்திரை எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்; தானாக நிறுத்தக் கூடாது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. எனக்கு ஹார்மோன் கூடியதற்குக் காரணம் என்ன?
2. அதை எந்த டெஸ்ட் உறுதிசெய்தது?
3. அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது?

பழைய ரிப்போர்ட்டுகளை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காரைக்கால், நாகை, தஞ்சை என்று டாக்டர் மாறும்போது அவைதான் கைகொடுக்கும். கடும் காய்ச்சல், மனக்குழப்பம், அதிவேக இதயத் துடிப்பு சேர்ந்து வந்தால் ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.